சாமக்கோழிப் பாட்டை யார் பாடலாம்?

ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவள் காதில் பாட்டு விழுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் பாட்டைப் பற்றிய வழக்குத்தான் விழும்.

பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு, “இது நான் மாதிரியே இல்லையே” என்று திட்டு வாங்கியிருக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள். கள்ளக்குறிச்சியில் ஒரு தையல் கடையின் மாடியில் இருக்கும் சின்ன ஸ்டுடியோவில் மூன்று வருடமாக இருக்கிறேன். முதலாளி ஞானசேகர் அண்ணன் கீபோர்டு வாசிப்பார். நான் கம்ப்யூட்டரில் பதிவு செய்வேன். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. நல்லவேளையாக, பாடுகிறவர் கண்ணாடி அறைக்குள் இருப்பார், நான் வெளியே இருப்பேன். ஒரு பித்தானை அழுத்தினால் என் குரல் அவருடைய ஹெட்போனில் கேட்கும்; விட்டால் கேட்காது. இத்தனை வசதியான உரையாடலை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

டிசம்பர் வந்தால் எங்களுக்குக் கவர் பாட்டு சீசன். பழைய கிறிஸ்துமஸ் பாட்டைப் புதிதாகப் பாடி யூடியூபில் போட வருவார்கள். அதில் பாதிப் பேர் பாட வருவது ஒரே பாட்டைத்தான். முப்பது வருடத்துக்கு முன் சங்கராபுரம் பக்கத்தில் ஒரு சபைப் பாடகர் குழு கேசட் போட்ட பாட்டு அது. “சாமக்கோழி கூவுமுன்னே” என்று ஒரு பெண் குரல் சில்லென்று மேலே ஏறும். நான் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண் இல்லை. எனக்கே அது மனப்பாடம். போன டிசம்பரில் மட்டும் ஏழு பேர் பாடினார்கள். அந்த ஏழில் ஒருவருக்கு, தன் குரல் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் மற்றவர்களும் வருவார்கள்.

கோழி கூவியது

முதலில் வந்தவர் மணலூர்பேட்டை ஜெபா. காதில் கடுக்கன், கையில் லேப்டாப், பாட்டுக்கு டிஜே பீட். பதிவு நேரத்தில் சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். அவர் சட்டை நனைய நனைய, “குளிரிலே நடுங்கினீரே” என்று உருகிக்கொண்டிருந்தார். அதெல்லாம் சரியாகவே வந்தது. “கூவுமுன்னே” வரும்போது மட்டும் குரல் உடைந்து, கோழியே கூவிவிட்டது. பத்தொன்பது தடவை கூவியது.

நான் பித்தானை அழுத்தி, “ஆறு கட்டை உங்களுக்கு ஜாஸ்தி. அஞ்சுல பாடிப் பாக்கறீங்களா?” என்று கேட்டேன். சுருதியை ஒரு படி இறக்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜெபா ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “கொறச்சா ஒரிஜினல் பாடுன அக்காவுக்கு மரியாத இல்லீங்க. தொண்ட கிழிஞ்சாலும் அதே கட்டைதான். கிழிஞ்சத நீங்க தெச்சுடுங்க, கீழ தையல் கட வேற வெச்சிக்கினு இருக்கீங்க.”

அந்த அக்காவே வந்தார்

அடுத்த வாரம் ஒரு நாற்பத்தேழு வயதுப் பெண் படியேறி வந்தார். பெயர் ரோசம்மா. சங்கராபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி ஆத்தூர் பக்கம் போனவர், போன வருடம்தான் குடும்பத்தோடு ஊர் திரும்பியிருக்கிறார். “சாமக்கோழி பாட்ட கேசட்ல பாடுனது நாந்தான்” என்றார், தொலைந்த பொருளைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுக்க வந்தவர் மாதிரி. கேசட் அட்டையில் ‘பாடகர் குழு’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஆர்மோனியம் வாசித்தவர் இறந்துவிட்டார். கூடப் பாடியவர்கள் ஆளுக்கொரு ஊர். குழுவில் எட்டுப் பெண்களில் இவரும் ஒருவர் என்று ஊருக்குத் தெரியும். அந்தக் குரல் யாருடையது என்றுதான் யாருக்கும் தெரியாது.

அக்காவின் ஆசை ஒன்றே ஒன்று. தன் சபையின் கிறிஸ்துமஸ் விழாவில் அந்தப் பாட்டை அவர் மேடையில் பாட வேண்டும், பாடியது ரோசம்மா என்று மைக்கில் சொல்ல வேண்டும். இப்போதைய பாடகர் குழுத் தலைவர் ஆசீர்வாதம் சார், பள்ளி ஆசிரியர், பதினோரு வருடத்துக்கு முன் மாற்றலாகி வந்தவர். கெட்டவர் இல்லை. பழைய பாட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, கேசட்டில் உள்ளபடியே தன் குழு மட்டும் பாடும், வேறு யாராவது கவர் பாடினால் மேடை இல்லை என்பது அவர் கொள்கை. “பதிவு பண்ணி எடுத்துக்கினு வாங்க, கேட்டுட்டுச் சொல்றேன்” என்று அனுப்பியிருந்தார்.

ஞானசேகர் அண்ணன் வழக்கம்போல ஆறு கட்டையில் தொடங்கினார். அக்காவுக்கு ஏறவில்லை. “இது என் கட்டை இல்லீங்களே” என்றார். ஐந்தில் வைத்ததும் நிதானமாக, அழகாக, ஒரே தடவையில் பாடி முடித்தார். மறுநாள் சார் நேரில் வந்து உட்கார்ந்து இரண்டு முறை கேட்டார். தன் போனில் இருக்கும் பழைய பாட்டையும் போட்டுப் பார்த்தார். அது மெல்லிய, மேலே நிற்கிற குரல். இது அடியில் நிற்கிற, கனமான குரல். வயசாகிவிட்டது என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாத வித்தியாசம். “நல்ல குரல்தாம்மா. ஆனா ஒரிஜினல் பாடுனவங்க வேற ஆளு. இது கவர்” என்றார் தயவாக.

அக்கா கோபப்படவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: “அப்ப அந்த ஒரிஜினல் பாடுனவ எங்க கீறான்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க சார். நானும் ஒரு தடவ பாக்கணும்.”

ஒரே மெட்டில் இரண்டு சாமி

இதற்கு நடுவில் ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு குருசாமி வந்தார். மாலை போட்டிருந்தார், கூட ஆறு சாமிகள். சாமக்கோழி மெட்டில் ஐயப்பன் பாட்டு எழுதிக் கொண்டுவந்திருந்தார். பக்கத்துத் தெரு சர்ச்சில் வருடா வருடம் கேட்டு மெட்டு ஒட்டிக்கொண்டதாம்.

அன்றைக்குப் பார்த்து ஆசீர்வாதம் சார் ஏதோ பென் டிரைவ் வாங்க வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் மாலை போட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? “சாமி, இது எங்க கிறிஸ்துமஸ் பாட்டுங்க” என்று மட்டும் சொன்னார். குருசாமி கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: “தெரியும் சாமி. உங்க சாமி, எங்க சாமி ரெண்டு பேருமே குளிருக்குத்தான் வராங்க. ஒரே மெட்டுல வந்துட்டுப் போவட்டுமே.”

பாட்டு நடந்து வந்தது

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து நாலு பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். எல்லாரும் கல்லூரி முதல் வருடம். கீபோர்டு வேண்டாம், கைத்தட்டல் போதும் என்றார்கள். சாமக்கோழியைத்தான் பாடினார்கள். ஆனால் மெதுவாக, கீழே, நடந்துகொண்டே பாடுகிற மாதிரி. நான் கட்டையைப் பார்த்தேன். ஐந்து. வேகமும் ரோசம்மா அக்கா பாடிய அதே வேகம்.

எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. பித்தானை அழுத்தி, “பாட்ட ஏன் மாத்திட்டீங்க?” என்று கேட்டேன். அவர்களில் குட்டையாக இருந்த பெண் மைக்கின் பக்கம் எம்பிச் சொன்னாள்: “நாங்க மாத்தலக்கா. கீழ இருந்து கிறிஸ்துமஸுக்குக் கேரல் பாட வந்தவங்க எங்க அம்மாங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. எங்க ஊருக்குக் கேசட் வரல, பாட்டு மட்டும் நடந்து வந்துச்சு.”

மணி சொன்ன சாட்சி

அன்று சாயங்காலம் பழைய பதிவை ஹெட்போனில் போட்டு, முதலிலிருந்து கேட்டேன். ஆர்மோனியம் தொடங்குவதற்கு முன்னால் ‘டங்’ என்று ஒரு மணிச் சத்தம். இத்தனை வருடம் எல்லாரும் அதையும் பாட்டில் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறோம். அக்காவுக்குப் போன் செய்தேன். “அது எங்க சபைக் கோயில் மணிதான் பாப்பா. உள்ளதான் பாடினோம். மணியடிக்கிற கோயில்பிள்ளை நேரம் காலம் தெரியாம அடிச்சிட்டாரு. மறுபடி எடுக்க டேப் இல்ல, அப்படியே வுட்டுட்டோம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கராபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அதே மணி இன்னும் தொங்குகிறது. அடிக்கும்போது பதிவு செய்துகொண்டு, அக்கா கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டு மணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேசட்டில் இருக்கும் மணி சரியாக ஒரு கட்டை மேலே அடிக்கிறது. மனிதக் குரல் முப்பது வருடத்தில் எப்படியும் மாறும். வெண்கல மணி சுருதி மாறாது. அப்படியானால் மாறியது டேப்தான். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுத்தபோது மெஷின் வேகமாக ஓடியிருக்கிறது. வேகம் கூடினால் குரலும் மேலே போகும், மெலிந்தும் போகும். ஊரெல்லாம் பரவியது அந்தப் பிரதிதான். இரண்டு மணியும் ஒன்றாகும்வரை பாட்டின் வேகத்தைக் குறைத்தேன். மெல்லிய குரல் இறங்கி, கனத்து, ரோசம்மா அக்காவின் வாயில் வந்து நின்றது. “கூவுமுன்னே” என்பதன் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. காலையில் “கெட்டிச் சட்னியா, தண்ணிச் சட்னியா” என்று என்னைக் கேட்டபோதும் அதே இழுப்பு இருந்தது.

இனி இதை ஆசீர்வாதம் சாரிடம் சொல்ல வேண்டும். ஒரு ஆசிரியரை எதிரே உட்காரவைத்து அவர் தப்பென்று சொல்ல என்னால் ஆகுமா? மூன்று நாள் தள்ளிப்போட்டேன். விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஞானசேகர் அண்ணன்தான் அவரை வரவழைத்தார். நான் அவரைப் பாடுகிற அறைக்குள் அனுப்பி, ஹெட்போனை மாட்டச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து பித்தானை அழுத்தினேன். அப்புறம் நான் பேசிய பேச்சு கல்லூரி வைவாவில்கூடப் பேசியதில்லை. கேசட் மணியைப் போட்டேன், கோயில் மணியைப் போட்டேன், மெதுவாக்கிய பாட்டைப் போட்டேன், அக்காவின் பதிவைப் போட்டேன். சார் மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். கண்ணாடிக்குள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மைக்கின் பக்கம் குனிந்தார். பிறகு அந்த மைக்கிலேயே கேட்டார்: “அப்ப பதினோரு வருஷமா கவர் பாடிக்கினு இருந்தது நாங்கதானாம்மா?”

மேடையில்

விழாவில் அக்காவுக்கு மேடை தருவதாக அன்றைக்கே சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்; சொன்ன சொல் தவறவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் பாடி முடித்ததும் மைக்கைப் பிடித்து, இந்தப் பாட்டைக் கேசட்டில் பாடியவர் நம் ஊர் ரோசம்மா என்று இரண்டு முறை சொன்னார். தான் அவரை ஒருமுறை திருப்பி அனுப்பியதையும் சேர்த்தே சொன்னார். ஜெபாவும் கூட்டத்தில் இருந்தார். எழுந்து நின்று கைதட்டினார். அக்கா புதுப்புடவையில் ஏறி, ஐந்து கட்டையில், அவசரமே இல்லாமல் பாடினார். முடியும்போது என் கண் கொஞ்சம் கலங்கியது உண்மைதான்.

அப்போது எனக்கு முன் நாற்காலியில் இருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “நல்லாத்தான் பாடுது. ஆனா இன்னா இருந்தாலும் ஒரிஜினல் மாதிரி வர்ல.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழா முடிந்து, சுடச்சுடப் பிரியாணிப் பொட்டலத்தோடு நின்ற அக்காவிடம் இதைப் புகாராகவே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். “வுடு பாப்பா. அந்தக் கேசட்டுப் பொண்ணு மாதிரி என்னாலயும்தான் பாட முடியல.”

ஆகவே, பழைய கிறிஸ்துமஸ் பாட்டை மற்றவர்கள் பாடலாமா கூடாதா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் பாடலாம், முதலில் பாடியவர் மட்டும்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பாட வேண்டும் என்பேன்.