உப்பலில் நின்றுபோன ஹைட்ரஜன் வேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நாத்தனார் வசந்தி போன் செய்தாள். "அண்ணி, நீங்களும் அண்ணாவும் எங்க ஹைட்ரஜன் வேன்ல ஒரு ரவுண்டு வர்றீங்களா?"

வசந்தி எங்கள் ஹைதராபாத்திலேயே, மல்லாபூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். மூன்று வருஷமாக அந்த வேனோடுதான் குடித்தனம். புதன்கிழமை அதிகாரிகள் வந்து பார்க்கப் போகிறார்கள். அதற்கு முன் நமக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மல்காஜ்கிரியிலிருந்து கிளம்பினேன்.

போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. முழு லோடில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்... சொல்லி வைத்த மணல் மூட்டை வரவில்லையாம்!

என் கணவர் ரயில்வே டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். புகை விடாத இன்ஜினை இன்ஜின் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். வேனைச் சுற்றி வந்தார். பின்குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"என்ன வசந்தி, ரேடியேட்டர் ஒழுகுதா?"

"அதுதாண்ணா இதோட புகை! ஹைட்ரஜனும் காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேர்ந்து கரண்ட் வருது. மிச்சம் வெறும் தண்ணி."

"சரி, ஹைட்ரஜன் எங்கேருந்து வருது?"

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்போதைக்கு இயற்கை எரிவாயுலேர்ந்து. சோலார் கரண்ட்ல தண்ணியைப் பிரிச்சும் எடுக்கலாம்... செலவு ஜாஸ்தி."

"எரிவாயுலேர்ந்து எடுக்கிற இடத்துல புகை வருமில்ல?"

"ஹவ் அண்ணா, ஆமா... வரும்."

வேன் கிளம்பியது. கிளம்பியதே தெரியவில்லை! எங்கள் வீட்டு சீலிங் ஃபேன் இதைவிட அதிகம் சத்தம் போடும். சொகுசு கூடக் கூட ஆசையும் கூடுமல்லவா? "ஏசியைக் கொஞ்சம் கூட்டுப்பா" என்றேன் டிரைவர் யாதகிரியிடம்.

உப்பலில் டிராஃபிக் ஜாம். வேன் அசையவில்லை — மீட்டர் முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக ஜாம் விலகி, நாலடி நகர்ந்ததும் யாதகிரி திரும்பிப் பார்த்தான்.

"மேடம், கேஸ் கதம்."

வேன் நின்றது. எங்கே தெரியுமா? ஒரு பெட்ரோல் பங்க் வாசலில்!

பங்க் ஊழியர் ஓடி வந்தார். "பெட்ரோலா, டீசலா?"

"ஹைட்ரஜன் பாய்" என்றான் யாதகிரி.

"ஓ இதர் நை மில்தா." அது இங்கே கிடைக்காதாம்.

"நிரப்ப எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார் என் கணவர்.

"அஞ்சே நிமிஷம்ணா."

"எங்கே?"

"எங்க ஃபேக்டரியில."

"அதை விட்டா?"

வசந்தி வேனை இழுத்துப் போகக் கயிறு தேட ஆரம்பித்தாள்.

கடைசியில் ஒரு டீசல் லாரிதான் எங்களைக் கயிறு கட்டி இழுத்துப் போனது, கருகருவென்று புகை விட்டபடி. என் கணவர் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ குற்ற உணர்ச்சி... ஏசியைக் கூட்டச் சொன்னது நானல்லவா?

வழியில் அவளுடைய முதலாளி போன் செய்தார். உப்பலில் நின்றதை யாரிடமும் சொல்ல வேண்டாம், புதன்கிழமை ஆளே ஏற்றாமல் தெருமுனை வரை ஓட்டிக் காட்டினால் போதும் என்றார்.

வசந்தி நோட்டை எடுத்தாள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஏசி... எல்லாவற்றையும் எழுதினாள். "நக்கோ சார், மறைக்க வேணாம்" என்றாள் போனில். "நின்னதைத்தான் முதல்ல சொல்லப் போறேன்."

புதன்கிழமை அப்படியே சொன்னாள். "பின்னே இதனால் யாருக்குப் பிரயோஜனம்?" என்று கேட்டார் ஓர் அதிகாரி.

"தினமும் கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்ற வண்டிக்கு சார். ஃபேக்டரி பஸ், சரக்கு லாரி. அதுக்கெல்லாம் ஒரே பங்க் போதும்."

ஒரே ரூட்டில் இன்னும் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. முதலாளியே ஸ்வீட் வாங்கினாராம்.

வண்டி வாங்கும்போது நாம் என்ன கேட்போம்? மைலேஜ் கேட்போம், கலர் கேட்போம். பங்க் எங்கே இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்த தங்கையிடம் என் டீசல் கணவர் மெல்லக் கேட்டார். "நாம எப்பம்மா இது மாதிரி ஒண்ணு வாங்கலாம்?"

"முதல்ல ரெண்டாவது பங்க் வரட்டும்ணா!"