தண்ணீர்க் கணக்கில் என் போட்டியாளர்

தண்ணீர்ப் பயன்பாட்டைக் கணக்கெடுத்துப் பொதுவில் வெளியிட ஒருவருக்கு மட்டும் அரசு நிதி. டெல்லியில் நேர்காணலுக்குக் காத்திருந்தபோது டெல்லிக்காரியான எனக்குப் போட்டி ஒரு கோவைப் பெண்மணிதான். விரல்வரை இறங்கிய இரவல் ஸ்வெட்டர். கடலைமிட்டாயை உடைத்து எனக்கும் கொடுத்தார்.

"எங்க மீட்டர்ல பாதி ஓடறதில்லீங்க. அதைத்தான் முதல்ல சொல்லோணும்."

"அச்சா! சொன்னா ஃபண்ட் கொடுப்பாங்களா?"

"சொல்லாம விட்டா, அந்தக் கணக்கை நம்பி எங்கூருக்குத் தண்ணியக் கொறச்சுப் போடுவாங்களே அம்மிணி!"

என் விண்ணப்பத்தில் மீட்டர்கள் எல்லாமே ஓடின. நிதி அவருக்குப் போனது.

அவர் இணையத்தில் வெளியிடும் கணக்கை இப்போது வாராவாரம் பார்க்கிறேன், தவறு கண்டுபிடிக்கத்தான். சந்தேகமான எண்களுக்கெல்லாம் அவரே சிவப்புக் குறி போட்டுவிடுகிறார். எனக்கென்று ஒன்றைக்கூட மிச்சம் வைப்பதில்லை.