நாலு மணிக்குச் சாத்திய ஜன்னல்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

முத்து செத்துப்போய்விட்டது.

முத்து என் கிளி. வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். பட்டன் டப்பாவைக் கவிழ்த்தது, கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக் கழுத்தைக் கொத்திக் கிழித்தது... எல்லாம் இங்கேதான் எழுதினேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன் — நான் அரியலூரில் டைலர். பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன்.

முத்து போன நாலாம் நாள். சாயங்காலம். பின்பக்க மதில் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு செல்வராசு அண்ணனின் தலை தெரிந்தது.

“தம்பி, மாப்ளைக்கு என் மேல என்ன கோவம்? நாலு நாளா எட்டியே பாக்கல. கொஞ்ச நேரம் அனுப்பி வுடேன்.”

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது முத்துவைத்தான். அதற்கு அவர் வைத்த பெயர் அது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“சரிண்ணே” என்றேன்.

புதைத்து நாலு நாளான கிளியை அனுப்பி வைப்பதாக ஒத்துக்கொண்ட ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கூச்சம் ஒரு காரணம். ஆனால் கூச்சத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டால் பொய்யாகிவிடும். பெரிய காரணம் வேறு.

பொறாமை.

மூன்று வருடத்துக்கு முன்பு வாலிகண்டபுரத்தில் என் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு அடித்த காற்றில் ஒரு மொட்டைப் பனை சாய்ந்தது. பொந்துக்குள் மூன்று கிளிக்குஞ்சுகள். இரண்டு அங்கேயே முடிந்துவிட்டன. மூன்றாவதற்கு இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. தாய்க்கிளி சுற்றிச் சுற்றிக் கத்தியது, பிறகு போய்விட்டது. இருட்டும் வரை பார்த்துவிட்டு, ஒரு மஞ்சள் பையில் பழைய துண்டைச் சுருட்டி அதற்குள் குஞ்சை வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெரம்பலூரில் பஸ் மாறினேன். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வரும்போதெல்லாம் பை நடுங்கியது. நான் குனிந்து, பக்கத்து சீட்டுக்காரர் காதில் விழாதபடி, பைக்குள் சொன்னேன்: “ஒண்ணுமில்லடா... ஒண்ணுமில்ல...” அரியலூர் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். என் கல்யாணத்தன்று கூட நான் அவ்வளவு பேசவில்லை.

கூண்டு வாங்கவில்லை. கிளியை அடைத்து வளர்ப்பது குற்றம் என்று தெரியும். இறகு முளைத்தால் பறந்துவிடும் என்று ஜன்னலைத் திறந்தே வைத்தேன். முளைத்தது, பறந்தது... இருட்டுவதற்குள் திரும்பி வந்து தையல் மெஷின் மேல் உட்கார்ந்தது. அன்றிலிருந்து ரவிக்கை கொடுக்கப் போகிற வழியெல்லாம் சைக்கிளை நிறுத்தி நிறுத்தி வேலியில் கோவைப்பழம் பறிக்கிற பைத்தியம் எனக்குப் பிடித்துக்கொண்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செல்வராசு அண்ணன் ரிட்டயர் ஆகும் வரை.

ஜெயங்கொண்டம் ரூட்டில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். துக்க வீட்டுக்குப் போனாலும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவார். மனைவி, நாங்கள் இங்கே குடிவருவதற்கு முன்பே தவறிவிட்டார். ஒரே மகள், சென்னையில். வேலையும் முடிந்துவிட்டது, பேச ஆளில்லை. பார்த்தார்... ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, ஜன்னலில் ஊறவைத்த வேர்க்கடலையை வைத்து, கண்டக்டர் விசில் ஒன்று அடித்தார்.

முத்து போய்விட்டது.

மறுநாள் விசில் இல்லாமலே போனது. நாலு மணிக்குப் போகும், ஆறு மணிக்குத் திரும்பும். கிட்டத்தட்ட இரண்டு வருடம், தவறாத டியூட்டி.

போனால்கூடப் பரவாயில்லை. திரும்பி வந்து என் வீட்டில் அவர் பேச்சைப் பேசியது! அளவு ரவிக்கையோடு வாசலில் ஒரு பெண் வந்து நின்றால் போதும். “படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ” என்று அதட்டும். பிறகு நீளமாக ஒரு விசில். “ரைட், ரைட்.” வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உங்க கிளி அப்படியே செல்வராசு அண்ணன் மாதிரியே பேசுதே என்பார்கள். உங்க கிளியாம். பழம் பறிக்கிறவன் நான், கழிவைத் துடைக்கிறவன் நான். பேச்சு மட்டும் அவருடையது.

கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ‘முத்து’ என்று சொல்லிக்கொடுக்க முயன்றேன். ஒரு வாரம். தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. ஏழாம் நாள் வாயைத் திறந்தது.

“ரைட்” என்றது.

பக்கத்து வீட்டு ஜன்னலில் அது என்னென்ன பேசுமோ, அவர் எப்படியெல்லாம் சிரிப்பாரோ என்று நாலிலிருந்து ஆறு வரை மனசு மெஷினில் நிற்காது. எத்தனை ரவிக்கையில் கையை மாற்றி வைத்துத் தைத்தேனோ! ஐம்பது வயது ஆள், ஒரு கிளிக்காக இன்னொரு ஆளைப் பார்த்துப் பொருமுவானா? பொருமினான்.

இனி எழுதப் போவதை என் மனைவி வசந்தாவிடம் கூட அப்போது சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன் என்று எழுத ஆசை... ஆனால் முதலில் சொன்னது வேறொருவரிடம். அதற்கு வருகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஐந்து மணிக்கு வரும் என்று மெசேஜ். கரண்ட் இல்லாத நாளில் ஃபேன் இறக்கை மேல் உட்காருவது முத்துவின் வழக்கம். அதனால் கரண்ட் போனதும் சுவிட்சை அணைப்பது என் வழக்கம். அன்றைக்கும் அணைத்தேனா? அணைத்ததாகத்தான் நினைத்தேன்.

நாலு மணி ஆகப்போகிறது. முத்து இறக்கையை நீவிக்கொண்டு, வெளியூர் கிளம்புகிற ஆள் மாதிரி தயாரானது. அடுத்த வீட்டிலிருந்து விசில் கேட்டது. முத்துவும் பதிலுக்கு விசில் அடித்தது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

பத்து நிமிஷம். பத்து நிமிஷம் அவர் காத்திருக்கட்டும், பிறகு திறந்துவிடலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

முத்து ஜன்னலுக்குப் போனது. என்னைப் பார்த்தது. பிறகு ஃபேன் மேல் போய் உட்கார்ந்தது. நான் முகம் கொடுக்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது.

அதற்கு மேல் எழுத வேண்டாம்.

கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தோம். வசந்தா அழுதாள். கரண்ட் திடீரென்று வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். செல்வராசு அண்ணனுக்குச் சொல்லுங்கள் என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

ஜன்னல் சாத்தியதைச் சொல்லப் பயம், அது நிஜம். ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது. அவரிடம் சொன்னால் தெருவே அவர் வீட்டுக்குத்தான் துக்கம் கேட்கப் போகும். அவர் அழகாக அழுவார். விசில் அடித்ததையும் கடலை தின்றதையும் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சொல்வார். நான் ஓரமாக நின்றுகொண்டிருப்பேன். என் கிளியின் சாவு அவர் வீட்டுச் சாவாகிவிடும். உயிரோடு இருக்கும்போது பங்கு போனது போகட்டும், துக்கமாவது எனக்கு முழுசாக இருக்கட்டும்... இப்படி நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுதுவதற்கு.

ஆகவே மூன்று நாள், நாலு மணி விசிலை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஒரு விசில். இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் விட்டுவிட்டு ஐந்து மணி வரை.

நாலாம் நாள்தான் மதில் மேல் தலை தெரிந்தது. நான் “சரிண்ணே” என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, தலை கீழே இறங்கியது. கடலையைத் தட்டில் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு விசில். வரப்போகிறது என்று நம்பி அடிக்கிற விசில்!

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, சட்டையை மாட்டி, தெருவைச் சுற்றிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். பதினோரு வருடமாகப் பக்கத்து வீடு. அன்றுதான் முதல் தடவை.

அவர் ஜன்னலில் இருந்து திரும்பிப் பார்த்தார்.

“அட, நீயா? படியில நிக்காத தம்பி, உள்ள வா, உள்ள வா.”

முத்து என் வாசலில் அதட்டுகிற அதே குரல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே ஜன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் புதுக் கடலை. பக்கத்தில் காய்ந்து தோல் சுருங்கிய கடலை, மூன்று நாளுடையது, மூன்று குவியலாக. மேலே அவர் மனைவியின் படம்.

“அண்ணே, முத்து இல்லண்ணே” என்றேன். “செவ்வாக்கிழமையே போயிட்டு. ஃபேன்ல...”

அழகாக அழுவார் என்று நினைத்தேனே? அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலில் உட்கார்ந்து துண்டை முகத்தில் பொத்திக்கொண்டார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவ்வளவு பேசுகிற மனிதர் பேசாமல் இருந்தால் வீடு எப்படி ஆகிவிடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் போய் நின்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஒண்ணுமில்லண்ணே... ஒண்ணுமில்ல...”

துண்டு மெதுவாக இறங்கியது. என்னையே பார்த்தார்.

“நீதானா அது?”

எது என்று கேட்டேன்.

“இந்த இழுப்பு. தம்பி, ரெண்டு வருஷமா தலையால தண்ணி குடிச்சிப் பாத்துட்டேன், எங்க வூட்ல ஒரு நாளு அது விசில் அடிக்கல. இந்தத் திட்டுல உக்காந்துகிட்டு, ஒண்ணுமில்லடா ஒண்ணுமில்லன்னு இதே மாதிரி இழுக்கும். அவ போனதுக்கப்புறம் எனக்கு யாரு வந்து அப்டி சொன்னா? உன் பொண்டாட்டி சொல்லிக் குடுத்ததுன்னுல்ல நெனச்சிருந்தேன். நீ எங்கிட்ட பேசி நான் எங்க கேட்டேன்?”

அப்படியானால் முத்து என் வீட்டில் அவரைக் கூப்பிட்டிருக்கிறது. அவர் வீட்டில் என்னை. எந்த வீட்டில் இருந்தாலும் இல்லாத ஆளின் நினைப்பு அதற்கு. நான் ஒரே ஒரு நாள் சுற்றிவந்து இந்தப் படியேறியிருந்தால் என் காதாலேயே கேட்டிருப்பேன்.

அதற்கு மேல் ஒளிக்க முடியவில்லை. ஜன்னல் சாத்தியதைச் சொன்னேன். எதற்காகச் சாத்தினேன் என்பதையும் சொன்னேன். மறுபடி துண்டு மேலே போகும், இல்லை என்னை வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் காய்ந்த கடலையை ஒரே குவியலாகக் கூட்டினார்.

“நீ பத்து நிமிஷம் சாத்துன” என்றார். “போன பொங்கலுக்கு மவ வரலன்னுட்டா. மாப்ளையாவது இருக்கட்டும்னு நான் ரெண்டு மணி நேரம் சாத்தி வெச்சேன். அன்னிக்கி எங்க வூட்ல கரண்ட் போவல. அவ்ளோதான் தம்பி வித்தியாசம்.”

அப்புறம் ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன்.

“உள்ள வெச்சி பூட்டுனாலும் உன் பேச்சையே பேசிக்கிட்டிருந்துச்சு. கடுப்பாயிட்டு. போ, ஒங்க ஆளுகிட்டயே போன்னு தொறந்து வுட்டேன்.”

இரண்டு பேரும் சிரித்தோமா, அழுதோமா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆறு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முத்து திரும்புகிற நேரத்துக்கு நான் திரும்பினேன். வசந்தாவிடமும் ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

இப்போது தினமும் நாலு மணிக்கு அவர் கறிவேப்பிலை மரத்தைப் பார்க்க எங்கள் கொல்லைக்கு வருகிறார். வரும்போது மதில் மேல் ஒரு பிடி கடலை வைக்கிறார். நானும் என் பங்குக்குக் கோவைப்பழம் வைக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை சோளக்கொல்லைப் பக்கமிருந்து இரண்டு கிளிகள் வந்து மதிலில் இறங்கின. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

இரண்டும் கடலைப் பக்கம் நகர்ந்து, ஒன்று விடாமல் தின்றுவிட்டு, என் பழத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் பறந்துவிட்டன. செல்வராசு அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

வசந்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.