டெம்பரவரி மாப்பிள்ளை

இலவம்பஞ்சுத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் மெத்தைக்கார பாய் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று பொருள். மேற்குத் தாம்பரத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனங்கள். எங்களுடையது தமிழ், அவர்களுடையது உருது, தண்ணீர்க் குழாய் பொது. வீட்டுக்குள் உருதுவும் வாசலில் மெட்ராஸ் தமிழும் பேசிய அவர்களுக்கு ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால், கான்வென்ட்டில் படித்த என்னைக் கூப்பிடுவார்கள். மருந்துச் சீட்டு, தந்தி எல்லாம் படித்துச் சொல்லி, அந்தத் துறையில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

பாயின் மூத்த பெண் நஸ்ரீனுக்கு வரன் வந்தது அப்போதுதான். மாப்பிள்ளை சர்க்கார் ஆபீஸில் 'டெம்பரவரி கிளார்க்' என்று தரகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெருவே 'அம்மி' என்று கூப்பிட்ட அவள் அம்மா, ஹெட் கிளார்க் மாதிரி இதுவும் ஒரு பெரிய பதவி என்று நினைத்து, குழாயடியில் பெருமையாகச் சொல்லியும் விட்டார். பிறகு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

"அதுக்கு 'மானி' இன்னா, கண்ணு?" என்று என்னிடம் அர்த்தம் கேட்டார். அகராதியில் இருந்ததைச் சொன்னேன்: கொஞ்ச காலத்துக்கு மட்டும்.

"ஆர்ஸியா!" என்று கரண்டியைக் கீழே வைத்தார். நிலையில்லாத எதற்கும் உருதுவில் அதுதான் சொல். பிறகு பாய் பக்கம் திரும்பினார். "இன்னிக்குக் கீது, நாளைக்கு இல்லேன்னு ஒரு வேலை. வாணாம்னு சொல்லி அனுப்பிடுங்க."

அந்தப் பையனை நஸ்ரீன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தாள், பிடித்தும் இருந்தது. "இந்தத் துனியாவே ஆர்ஸின்னு நீதானே அம்மி சொல்லுவே?" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. உலகமே தற்காலிகம் என்கிற அந்த வாதத்துக்கு அம்மி அசரவில்லை.

"துனியாவுக்கு யாரும் பொண்ணு குடுக்கலடி."

சாயங்காலம் பாய் என் அப்பாவிடம் யோசனை கேட்க வந்தார். சுற்றுவட்டாரத்தில் சர்க்கார் உத்தியோகம் என்றால் அப்பாதான். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே சொன்னார்: "நானே டெம்பரவரிதான் பாய். இவ பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து."

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. குறுகிய காலத்துக்கு நியமனம் செய்து, முடிந்ததும் ஒரே ஒரு நாள் வேலையை விட்டு நீக்கி, மறுநாள் மறுபடி நியமிப்பது நடைமுறை. அப்போதுதான் தொடர்ச்சியான பணி என்று யாரும் உரிமை கோர முடியாது. அந்த ஒரு நாளில் அப்பா என்னைப் பொழிச்சலூர்ப் பக்கம் கூட்டிப்போய் விமானம் இறங்குவதைக் காட்டுவார். அதை நான் லீவு என்று நினைத்திருந்தேன். பின்னாளில் நிர்வாகப் பிரிவில் உட்கார்ந்து அதே மாதிரி உத்தரவுகளை, ஒரு நாள் இடைவெளி பிசகாமல், நானும் எழுதியிருக்கிறேன்.

பாய் போய்ச் சொன்னதும் அம்மி குழாயடிக்கு வந்து என் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வூட்டுக் கொழம்பு வாசனை தினம் செவுரு தாண்டி வருது. அந்த ஆர்ஸி போதும்" என்றார். ஆடி கழிவதற்குள் கல்யாணம் நடந்தது.

அந்தக் கூரை இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி; குழாயும் இல்லை, பஞ்சும் இல்லை, தும்மலுக்கு வேறு காரணங்கள். நஸ்ரீன் அக்கா பம்மலில் இருக்கிறார். போன வாரம் போன் செய்தார். பேத்திக்கு வரன் வந்திருக்கிறதாம், பையனுக்குக் கம்பெனியில் 'காண்ட்ராக்ட்' வேலையாம், பேத்திக்குப் பிடித்திருக்கிறதாம்.

"ஆர்ஸிதானே அது?" என்றார்.

ஆமாம் என்றேன். இதில் ஒரு நாள் நீக்கினால் மறுநாள் சேர்த்துக்கொள்ளும் நடைமுறை கிடையாது என்பதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் பேத்தி ஏதோ சொல்வது கேட்டது. "துனியாவுக்கு யாரும் பொண்ணு குடுக்கலடி" என்று நஸ்ரீன் அக்கா அவளை அதட்டிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். சட்டையை ஆணியில் மாட்டியபடி பதில் சொல்ல அப்பா இல்லை. நானோ மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவள்.