பாட்டு வகுப்பில் நாற்பத்தோரு பேர்

பாட்டு வாத்தியாருக்குப் பாட வராது. சும்மா சொல்லவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டையைத் தேய்த்துக்கொண்ட மனுஷர். ஆனால் காது என்றால் அப்படியொரு காது. பன்னிரண்டு பேர் சேர்ந்து பாடும்போது எவன் வாயை மட்டும் அசைக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

வியாழன்தோறும் மூன்று மணிக்குச் சிறைவாசலுக்கு வருவார். காவலனான நான் அவருடைய கீபோர்டைத் திறந்து பேட்டரிகளை எண்ணுவேன். உள்ளே போகும்போது ஆறு, வெளியே வரும்போதும் ஆறு இருக்க வேண்டும்.

"உள்ள வந்துட்டு அன்னைக்கே வெளிய போற ஒரே ஆளு நீங்கதான் சார்" என்பேன்.

"நடத்தை சரியில்லன்னா வச்சுக்குங்க, சாப்பாட்டுச் செலவு மிச்சம்" என்பார்.

பாடக் கற்றவன் மறுபடி குற்றம் செய்து உள்ளே வருவது குறையும் என்று அரசாங்கத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. மூன்று வருஷத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். அதன் பிறகு பார்ப்பார்களாம்: பாடியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று. குறைந்திருந்தால் வகுப்பு தொடரும், இல்லையென்றால் மூடுவிழா. கம்பி எண்ணுகிறவனுக்குப் பாட்டு ஒரு கேடா என்று நானும் சிரித்தவன்தான்.

கட்டைக்குரல் என்று நாங்கள் கூப்பிட்ட ஒருத்தன் வந்ததும் என் சிரிப்பு நின்றுபோனது. அடிதடி வழக்கில் நாலாவது முறை உள்ளே வந்தவன். அவனுக்குக் கைதான் பேசும், வாய் பேசாது. வாத்தியார் அவனைப் பின்வரிசையில் நிறுத்தி அடிக்குரல் கொடுக்கச் சொன்னார். "நீ விட்டுட்டேன்னா முன்னாடி நிக்கிறவன் எல்லாம் தடுமாறிடுவான்டா" என்றார். அவனை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை போலிருக்கிறது. அந்த வருஷம் அவன் ஒருத்தன் மேலும் கை வைக்கவில்லை. விடுதலையான பிறகும் ஞாயிறுதோறும் வந்தான். வெளியே போனவர்களுக்காக சிறை மதிலுக்கு வெளியே இருந்த ஊழியர் மன்றத்தில் வாத்தியார் ஒரு மணி நேரம் வகுப்பு வைத்திருந்தார். அதுவும் அதே அரசாங்கப் பணம்தான்.

வாத்தியாரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, இரக்கம். பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் வியாழக்கிழமை செல்லைத் திறக்கலாம். வகுப்பு நடக்கும் பழைய தையல் கூடத்தில் மின்விசிறி உண்டு. அந்தக் காற்றுக்காகவே வந்து சுவரில் சாய்ந்து தூங்குகிறவன் பெயரையும் பாடகன் என்று எழுதிவிடுவார்.

"இருந்துட்டுப் போகட்டும் சார், நமக்கென்ன குறைஞ்சிடப் போகுது?" என்பார்.

பாடியவர்கள் பன்னிரண்டு பேர். பதிவேட்டில் நாற்பத்தோரு பேர். பக்கத்துக்குப் பக்கம் கீழே என் கையெழுத்து.

மூன்றாம் வருஷ முடிவில் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். நாற்பத்தோரு பேரில் பதினாறு பேர் திரும்பி வந்திருந்தார்கள். பாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் அதே அளவுக்குத்தான் திரும்பியிருந்தார்கள். வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், தப்பு என்னுதுதான். பாடினது பன்னெண்டு பேருதான். அதுல ஒருத்தன்தான் திரும்பி வந்தான். மத்த பேரெல்லாம் நானா எழுதினேன். என்னை நிறுத்திடுங்க, வேற வாத்தியாரப் போடுங்க. வகுப்ப மூடிடாதீங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இது உங்க கையெழுத்துதானே? எல்லாரும் பாடினாங்களா இல்லையா?"

எனக்கு ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தது. பொய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன் என்று ஒப்புக்கொண்டால் பென்ஷனுக்கே உலை வைத்துவிடுவார்கள்.

"எல்லாரும் பாடினாங்க மேடம்" என்றேன்.

வகுப்பைக் காப்பாற்ற வாத்தியார் பொய் சொல்கிறார் என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். வகுப்பை மூடினார்கள். கடைசி நாளும் நான் பேட்டரியை எண்ணினேன். கணக்குத் தப்பி இரண்டு முறை எண்ண வேண்டியதாயிற்று.

"விடுங்க சார், உங்களுக்கும் குடும்பம் இருக்கில்ல" என்றார்.

வாயார நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? எனக்குக் கோபம் அவர் மேல்தான் வந்தது. தூங்குகிறவன் பெயரை எழுதச் சொல்லி நானா கேட்டேன்? வீடு போய்ச் சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. பார்க்கப் போகவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து கட்டைக்குரலைக் கைவிலங்கோடு கொண்டுவந்தார்கள். புருவம் கிழிந்து தையல் போட்டிருந்தது. யாரையோ அடித்து, அந்த ஆள் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். அவனைச் சோதனை போட்டது நான்தான்.

"மூணு ஞாயித்துக்கிழமை வந்து பாத்தேன் சார், மன்றம் பூட்டியே கெடந்துச்சு" என்றான். "வாத்தியார் அவரா நிறுத்தமாட்டாரே. யாரு சார் நிறுத்தினது?"

"மேலிடத்துல" என்றேன்.

கையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் தலையாட்டினான்.

"அதுக்கு நீங்க என்ன சார் பண்ணுவீங்க, பாவம்" என்றான்.