தேவப்படுதக்கா

காலை ஒன்பதே முக்காலுக்குக் கையில் பெஞ்சோடு வந்து சேர்கிறாள் சௌந்தரம். முழுப் பெஞ்சு அல்ல. ஒரே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு அறுத்த துண்டுப் பெஞ்சு. திண்டிவனத்தில் அரசு அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில் அதைப் போடுவாள். ஆனால் அதில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டு யார் வருகிறாரோ அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றபடி கேட்பாள்.

"சொல்லு, இன்னா தேவப்படுது?"

அந்தத் தெருவில் வேறு யாரும் இப்படிக் கேட்பதில்லை. இளநீர்க்காரர் "இன்னா வேணும்" என்பார். ஜெராக்ஸ் கடையில் "எத்தன காப்பி வேணும்" என்பார்கள். சௌந்தரத்துக்கு மட்டும் எல்லாமே 'தேவைப்படுகிறது'. டீ கொண்டுவந்தால் "தேவப்படுது, வச்சிட்டுப் போ" என்பாள். சர்க்கரை ஒரு கரண்டி கூடினால் "இவ்ளோ சக்கர தேவையில்ல" என்பாள். விண்ணப்பப் படிவங்களோடு புழங்கிப் புழங்கிப் பேச்சும் படிவமாகிவிட்டது என்று தெரு தீர்மானித்து, அவளுக்குத் தேவப்படுதக்கா என்று பெயர் சூட்டிவிட்டது. அவளும் மறுக்கவில்லை.

அவள் வக்கீல் அல்ல, தரகர் அல்ல. பத்தாவது வரை படித்தவள். எந்தக் காகிதம் எந்த அறையில் எந்த அலமாரியின் எந்தத் தட்டில் குடியிருக்கிறது என்று தெரிந்தவள், அவ்வளவுதான். காகிதங்களை அவள் உறவுமுறை சொல்லித்தான் விளக்குவாள். "பட்டாவும் பத்திரமும் புருசன் பொண்டாட்டி. ஆனா ஒரே வூட்ல இருக்க மாட்டாங்க. பட்டா தாலுகா ஆபீசுல கீது, பத்திரம் ரிஜிஸ்டர் ஆபீசுல கீது. வில்லங்கச் சான்றுன்னு ஒண்ணு கீது பாரு, அது மாமியா. அது வந்து பாத்தாத்தான் வூட்ல இன்னா நடந்துச்சின்னு தெரியும்." இதைக் கேட்ட பிறகு யாரும் வழி தவறியதில்லை.

அவளுடைய கட்டைப் பையில் வெள்ளைத்தாள், பசை, ஸ்டாம்ப் பேடு ஆகியவற்றோடு மூன்று கண்ணாடிகள் உண்டு, மூன்று பவரில். "கண்ணாடி எடுத்தாரல, நாளைக்கு வர்றேன்" என்று திரும்பப் பார்ப்பவர்களின் மூக்கில் அதில் ஒன்றை மாட்டி, "இப்ப படி, ஜல்தி" என்பாள். பையின் அடியில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம். வீட்டுக்காரர் கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் பஸ்ஸுக்குப் பஸ் ஏறி விற்பது அது. பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறவர்களுக்கு முதலில் மல்லாட்டை, பிறகுதான் மனு.

சர்வர் படுத்துவிட்டால் கவுன்டரில் அறிவிப்பு ஒட்டும் முன்பே அவளுக்குத் தெரியும். உள்ளே மின்விசிறிச் சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம் ஓங்கினால் சர்வர் படுத்துவிட்டது என்று பொருள். சிரிப்புச் சத்தமும் சேர்ந்தால் மூன்று மணிவரை எழுந்திருக்காது.

அவளைப் பற்றி உலவும் கதைகளில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் தெருவுக்குள் சண்டை. தாத்தாவுக்கு இறப்புச் சான்று கேட்டு ஒருவன் வந்தானாம். என்றைக்குச் செத்தார் என்று கேட்டால், "வூட்ட விட்டுப் போயி முப்பது வருசம் ஆவுதுக்கா, செத்துத்தான இருப்பாரு" என்றானாம். சௌந்தரம் எல்லாப் பதிவேட்டையும் துழாவிவிட்டு, செத்தவர்கள் பட்டியலில் ஆள் இல்லையென்றால் சாகாதவர்கள் பட்டியலில் இருப்பார்தானே என்று வாக்காளர் பட்டியலை எடுத்தாளாம். தாத்தா கோட்டக்குப்பத்தில் இருந்தார், தொண்ணூற்று நான்கு வயது, எல்லாப் பல்லோடும். பேரனோடு வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்தவர், "வந்தது வந்தேன், முதியோர் பென்சன் பாரம் ஒண்ணு எழுதிடும்மா" என்றாராம். இது உண்மைப் பாதியைச் சேர்ந்தது என்று இளநீர்க்காரர் அருவாள்மேல் அடித்துச் சொல்கிறார்.

சௌந்தரத்திடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. "காதால கேட்டாத்தான் கையால எழுதுவேன்." வந்திருக்கும் பெண்கள் கணவன் பெயரைத் தாங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். மகன் சொல்லக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரி சொல்லக்கூடாது, ஆதார் அட்டையை நீட்டக்கூடாது. இந்தச் சட்டத்தில் அவள் யாருக்கும் விலக்கு கொடுத்ததில்லை.

போன மாதம் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து சின்னபொண்ணு வந்தாள். படகில் போகும் மகனுக்குப் பிறப்புச் சான்று. இரண்டு முறை தேடியும் பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"வூட்டுக்காரரு பேரு இன்னா?"

சின்னபொண்ணு தலையைக் குனிந்து சிரித்தாள். "அதாங்கா, மயிலத்துல மல மேல நிக்கிறாரே, அவரு பேரு."

"மல மேல செல்போன் டவருகூடத்தான் நிக்குது. பேரச் சொல்லும்மா. பேரு இன்னா பாம்பா, வாயத் தொறந்தா வந்து கடிக்க?"

"நீங்களே சொல்லுங்கக்கா, நான் ஆமான்றேன்."

வேடிக்கை பார்த்தவர்கள் விடுவார்களா? ஜெராக்ஸ் கடையிலிருந்து "ஆறுமுகம்!" என்றது ஒரு குரல். சின்னபொண்ணு உதட்டைப் பிதுக்கினாள். "கந்தசாமி!" என்றார் இளநீர்க்காரர். "தள்ளிப் போறீங்கண்ணா" என்றாள். "முருகன்?" "தோ, வாசப்படிக்கு வந்துட்டீங்க." சௌந்தரம் மட்டும் வாயைத் திறக்காமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சின்னபொண்ணு, பெரிய அலை வரும்போது மூச்சடக்குவதுபோல் கண்ணை இறுக மூடி, "திருமுருகன்!" என்று கத்தினாள். தெருவே கை தட்டியது.

பிறகுதான் சௌந்தரம் தன் உண்மையான கேள்வியைக் கேட்டாள். "இந்தப் பேருல பதிவு இல்ல. கொழந்த பொறந்தப்ப அப்பா பேரு கேட்டாங்களே, அன்னிக்கு நீ இன்னா சொன்ன?"

"இதேதாங்கா. மயிலு மேல வர்றவரு பேருன்னேன்."

பத்து நிமிடத்தில் பதிவு கிடைத்தது, 'ம' வரிசையில். தந்தை பெயர்: மயில்வாகனம். தாய்: சின்னபொண்ணு.

அவளுடைய வித்தை முழுவதும் இதுதான். தேட வேண்டியது பெயரை அல்ல. இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு போட்ட விடுகதையையும், அதை ஒரு எழுத்தர் தன் புத்திக்கு எட்டியபடி அவிழ்த்த விடையையும்தான். 'சுடுகாட்டுல ஆடுறவரு' என்று சிவகாமி சொன்ன புருஷன் சுடலை ஆனதும், 'காலையில கெழக்கால வர்றவரு' என்ற சூரியமூர்த்தி பால்காரர் ஆனதும் அவள் கண்டுபிடித்தவைதான்.

அப்பேர்ப்பட்டவளுக்கே இந்த மாதம் ஒரு பேஜாரு வந்தது, சொந்த வீட்டிலிருந்து.

மகள் பானுப்ரியா விழுப்புரத்தில் செவிலியர். ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்பது மாதமாக அந்த மொழி படித்து, விடிந்ததும் "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் கூவிக்கொண்டு எழுகிறாள். "காலங்காத்தால இன்னாடி மோரு கேக்கிற, தொண்ட கட்டிக்கும்" என்று சௌந்தரம் அதட்டுவாள். எல்லாக் காகிதமும் சேர்ந்துவிட்டது. பிறப்புச் சான்று மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து நிற்பவளுக்குப் போய்விடும்.

பானுப்ரியா பிறந்தது வளவனூர் தாண்டி, கரும்புக்காட்டு நடுவில் இருக்கும் தாய்வீட்டில். பிறப்பைப் பதிந்தது அங்கே ஒரு சின்ன அலுவலகத்தில். அதன் பெயர் இங்கே வேண்டாம். பிறந்து பல மாதம் கழித்துப் பதிந்ததால் பதிவான தேதி யாருக்கும் நினைவில்லை. பதிவேட்டின் கடைசியில் தந்தை பெயர் வரிசையில் ஒரு பட்டியல் உண்டு. அதைப் பிடித்துத்தான் தேட வேண்டும். மகளைப் பள்ளியில் சேர்த்தது அப்பா என்பதால் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் அழகாக வேணு என்று இருக்கிறது. பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை.

வியாழக்கிழமை தாயும் மகளும் நேரில் போனார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் சௌந்தரம் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சலோ என்று மகள் இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பதிவேட்டு எழுத்தர் ராஜ்குமார் பல வருடப் பழக்கம். சௌந்தரம் கூட்டிவந்த எத்தனையோ விடுகதைகளை அவிழ்த்தவர்.

"வேணு இல்லக்கா. வேணுகோபாலு பாத்துட்டேன். கிருஷ்ணன், கண்ணன், கோபாலு, எல்லாரையும் பாத்துட்டேன். எல்லாருக்கும் பொண்டாட்டி வேற வேற."

"சார், நாளைக்குக் குடுக்கலன்னா என் எடம் போயிடும் சார்" என்றாள் பானுப்ரியா.

ராஜ்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எல்லாரையும் கேப்பீங்களே, அந்தக் கேள்விய நான் இப்ப ஒங்களக் கேக்கறேன். அன்னிக்குப் பேரு கேட்டப்ப நீங்க இன்னா சொன்னீங்க?"

சௌந்தரம் மின்விசிறியைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் எப்பிடி எழுதினாங்க?"

"காட்டினேன்."

"இன்னாத்த?"

சௌந்தரம் இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள். பிறகு கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் உதட்டருகே கொண்டுபோய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சொக்கவிட்டு, பத்து விரலையும் காற்றில் ஆட்டினாள். அந்த அறையில் அலமாரிகள் மட்டும்தான் பசுமாடுகளாக மாறவில்லை.

"அம்மா!" என்றாள் பானுப்ரியா. "ஊரு ஒலகத்தையே பேரு சொல்லச் சொல்லி வெரட்டுவியே, நீயா!"

"வேணுன்னா புல்லாங்கொழலு" என்று ராஜ்குமார் யோசித்தார். "அப்ப கிருஷ்ணன்தான எழுதியிருக்கணும்? அங்க இல்லியே."

வீட்டு வரி கட்ட வந்து பின்னால் நின்றிருந்தார் துரைக்கண்ணு. ஆறு ஏக்கர் கரும்பு போடுகிறவர். அவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. எட்டிப் பார்த்து, அக்கறையாகக் கேட்டார்: "இன்னாம்மா, பல்லு வலிக்குதா? கரும்பக் கடிக்கிற மாதிரி பண்ணிக்கினு நிக்கிற?"

ராஜ்குமாரின் விரல் தானாகவே 'க' வரிசைக்குப் போனது. பக்கத்தைப் புரட்டினார். பதிவேட்டை அப்படியே திருப்பி வைத்தார்.

தந்தை பெயர்: கரும்பாயிரம். தாய்: சௌந்தரம். பெண் குழந்தை.

ஜன்னலைத் திறந்தால் கரும்பு, கதவைத் திறந்தால் கரும்பு லாரி. அன்றைய எழுத்தர் பாவம் வேறு எதைக் கண்டிருப்பார்? பானுப்ரியா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருவத்தாறு வருசமா நான் கரும்பாயிரம் பொண்ணா! நைனாகிட்ட யாரு சொல்றது?" துரைக்கண்ணு பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க மாமா பேரும் அதான், நல்ல பேரு" என்றார்.

ராஜ்குமார் திருத்தப் படிவத்தை எடுத்தார். "பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டு கீது, ஆதார் கீது. இப்பவே மேல வச்சா காலைல பத்து மணிக்குச் சான்று கைல. ஆபீசரு அஞ்சு மணிக்குக் கெளம்பிடுவாரு, மணி இப்ப நாலு அம்பது. சரியான பேரச் சொல்லுங்கக்கா."

"அதான் ஒனக்குத் தெரியுமே தம்பி, எழுதிக்க."

"காதால கேட்டாத்தான் கையால எழுதுவேன்." ராஜ்குமார் பேனா மூடியைத் திறக்கவில்லை. "திண்டிவனத்துக்கு ஒரு சட்டம், இங்க ஒரு சட்டமா?"

"நான் சொல்றேன் சார்" என்று எழுந்தாள் பானுப்ரியா.

"பொண்ணு சொல்லக்கூடாது. அதுவும் அக்கா போட்ட சட்டம்தான்."

நாலு ஐம்பத்திரண்டு. சௌந்தரம் வாயைத் திறந்தாள். மூடினாள். உள் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பானுப்ரியா அம்மாவின் காதருகே குனிந்து, "பேரு இன்னா பாம்பாம்மா, வாயத் தொறந்தா வந்து கடிக்க?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

அதைப் பார்த்ததும் சௌந்தரம் நிமிர்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

"தம்பி, தண்ணி வேணும்."

பானுப்ரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறந்ததிலிருந்து அம்மா வாயில் அந்தச் சொல்லை அவள் கேட்டதேயில்லை. எதற்கும் 'தேவப்படுது'தான். ஏன் என்று இப்போதுதான் உறைத்தது.

ராஜ்குமார் அவசரமாகப் பாட்டிலை நீட்டினார்.

"தண்ணிய எடுத்துடு."

அவர் பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பாட்டில இல்லப்பா! நான் சொன்னதுல தண்ணிய எடுத்துடு."

ராஜ்குமார் முழித்தார். "சரி, எடுத்தாச்சு."

"கடைசில ஒரு 'ம்' கீதுல்ல? அதயும் எடுத்துடு. மிச்சம் இருக்கிறத எழுதிக்க. ஜல்தி!"

ராஜ்குமார் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மேசையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே பேனா மூடியைத் திறந்து எழுதினார், படிவத்தைக் கையெழுத்துக்காக அவள் பக்கம் திருப்பினார், அவள் போட்ட மறுநொடி சீல் குத்த முத்திரையைத் தேடித் திரும்பினார். மணி நாலு ஐம்பத்தாறு.

அந்த இடைவெளியில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சௌந்தரம் மை காயாத அந்த இரண்டு எழுத்தின்மேல் விரல் நுனியை வைத்து எடுத்து, இரண்டு கன்னத்திலும் மெல்லப் போட்டுக்கொண்டாள்.