பித்தம் என்று நான் சொன்ன உடம்பு

பிலிமத்தலாவையில் இருக்கும் நாட்டு வைத்தியர், எல்லோரும் வெதமாத்தயா என்று கூப்பிடும் சிங்களவர், என் கணவரிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். பேங்கில் கேட்டாலும் சரி, கல்யாண வீட்டில் கேட்டாலும் சரி, கேள்வி அவரைப் பார்த்து வரும், பதில் என் வாயிலிருந்து போகும். சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருபத்திரண்டு வருடம் கத்தியவள் நான். யாராவது பதில் சொல்ல இழுத்தால் எனக்குப் பொறுக்காது. அவரோ கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டி, அப்புறம்தான் வாயைத் திறப்பார். அதுவரைக்கும் யார் காத்திருப்பது?

அவருக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர் வேலை. நாள் முழுக்க சீமெந்துத் தரையில் நின்று முழங்காலில் நோவு. உடம்பும் வற்றிக்கொண்டு வந்தது. இதெல்லாம் சூடு என்று நானே தீர்மானித்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு எது வந்தாலும் சூடுதான். கண் சிவந்தாலும் சூடு, வாய் புண்ணானாலும் சூடு, தூக்கம் வராவிட்டாலும் சூடு. அதைக் கேட்டே வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

எனக்கும் ஒரு தொல்லை இருந்தது. நெஞ்செரிச்சல். சப்பிச் சாப்பிடும் மாத்திரை அட்டை ஒன்று எப்போதும் என் கைப்பையில் கிடக்கும். "நீயும் ஒருக்கா காட்டேன்" என்பார். "எனக்கு ஒண்ணுமில்ல, மொத ஒங்களப் பாருங்க" என்று வாயை அடைத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை குண்டசாலையில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, பேராதனையும் தாண்டிப் பிலிமத்தலாவைக்குப் போனோம். வெதமாத்தயா வயதானவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே பாஷையைக் காரணம் சொல்லி நான் தப்ப முடியாது.

"மாத்தயாவுக்கு வேர்க்குமா?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயோ, ஃபேன் இல்லாமத் தூங்கவே ஏலாது" என்றேன். ஃபேன் போடுவது நான். அவர் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு படுப்பார்.

"சாப்பாடு பிந்தினா?"

"வீடு ரெண்டுபட்டுப் போகும்."

"கோபம்?"

"அதை ஏன் கேக்குறீங்க! சின்ன விசயத்துக்கும் சத்தந்தான்."

கூசாமல் சொன்னேன். எங்கள் வீட்டில் சத்தம் உண்டு என்பது உண்மை. அது யாருடைய சத்தம் என்று அந்த நிமிடம் நான் நினைக்கவே இல்லை. பக்கத்துக் கதிரையில் என் கணவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். வெதமாத்தயா அவருடைய மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

பித்த உடம்பு. இன்னின்னது சாப்பிடலாம், இன்னின்னது கூடாது. அன்றைக்கே அதைத் தமிழில் எழுதினேன், வகுப்பில் ஒட்டும் அட்டைபோலப் பெரிய எழுத்தில். மேலே அவர் பெயர். கூடாதவை எல்லாம் சிவப்புப் பேனாவில்: கொச்சிக்காய், புளி, கருவாடு, அச்சாறு, பால் விடாத பிளேன்டி, இஞ்சி. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

அவர் உறைக்க உறைக்கக் கொச்சிக்காய் இடித்த கட்டாச் சம்பல் இல்லாமல் பாண் தொடாத மனிதர். அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் புடலங்காய், பீர்க்கங்காய், பாசிப்பயறு. காலையில் கொத்தமல்லி ஊறவைத்த தண்ணீர், பகலுக்கு வெள்ளரிக்காய். இரண்டு பேருக்கு இரண்டு சமையல் செய்ய யாருக்கு முடியும்? அவருக்கு ஆக்கியதையே நானும் சாப்பிட்டேன். பிள்ளைகள் இல்லாத வீடு. மேசையில் இரண்டு பேர்தான். கையைத் தேய்த்துக்கொண்டு, "டீச்சரம்மா, இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்பார். "பேசாமச் சாப்பிடுங்க" என்பேன். சாப்பிடுவார். ஒரு நாளும் தட்டில் மிச்சம் வைத்ததில்லை.

ஒருமுறை கண்டி பஸ் ஸ்டாண்டில் இறால் வடைக்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வடையை வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். எத்தனையோ நாள் நினைத்துவிட்டேன்.

எட்டாவது மாதம் ஒரு சாயங்காலம் அவர் குளிக்கப் போயிருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுக்கலாம் என்று அவர் பையைத் திறந்தேன். உள்ளே நான் வாங்காத ஒரு சின்ன பிளாஸ்க். மூடியைத் திருகினேன். குப்பென்று இஞ்சி வாசம். பக்கத்திலேயே ஒரு போத்தலில் எள்ளெண்ணெய்.

எனக்குத் தலைக்கு ஏறியது. அவர் துவாயோடு வந்து நிற்கும்போதே பிளாஸ்க்கைத் தொட்டியில் கவிழ்த்தேன். எண்ணெயையும் ஊற்றினேன்.

"எட்டு மாசமா நா அடுப்புல நின்னு சாகிறது யாருக்காக? சொல்லுங்க, யாருக்காக?"

"ஒனக்காகத்தான்னு வச்சுக்கயேன்" என்றார், சிரித்துக்கொண்டு.

"நக்கலா பண்றீங்க?"

அதோடு பேச்சை நிறுத்தினேன். மூன்று நாள். சோறு போட்டேன், உடுப்பு மடித்தேன், பெட்டியில் வெள்ளரிக்காய் வைத்துக் கட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் காலையில் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே, "சரி, போயிட்டு வாறேன்" என்றார். நான் கழுவிக்கொண்டிருந்த சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பகல் பதினொரு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து போன் கோல் வந்தது. ஸ்டோரில் சாமான் எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இருதய அடைப்பு, வெகுநாளாகச் சேர்ந்தது என்றார் டாக்டர்.

ஹட்டனிலிருந்து வந்த நாத்தனார் அண்ணனின் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். "பாருங்க, எலும்பா கெடக்கு. பட்டினி போட்டே கொன்னுட்டா எங்கண்ணன."

யாரும் அவளை அதட்டவில்லை. எனக்கும் அதே சந்தேகம்தான். டாக்டர் சொன்னது காதில் விழுந்தது, நெஞ்சில் இறங்கவில்லை. அவர் உடம்பு என்ன உடம்பு? நான் சொன்னது சரிதானா? இல்லை, என் வாய்க்கொழுப்பால் ஒரு மனிதனை எட்டு மாதம் வாட்டிவிட்டேனா? இது தெரியாமல் என்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு பிலிமத்தலாவைக்குத் தனியாகப் போனேன். கதவிலிருந்து உரித்த அட்டையையும் கொண்டுபோனேன். விசயத்தைச் சொன்னதும் வெதமாத்தயா எழுந்து நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார்.

"என் சாப்பாடுதான் அவரைக் கொன்னுச்சா?" என்று கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"இல்ல டீச்சர். இருதயம் வேற விசயம்" என்றார். "ஆனா அந்தத் தாள் மாத்தயாவோட உடம்புக்கு எழுதினது இல்ல. அவருக்கு வாத உடம்பு. குளிர் ஆகாது. நாடியிலேயே தெரிஞ்சது."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

"நீங்க சொன்ன பதிலுக்கு எழுதினேன். நாடி ஒத்துவரல்லையே, மறுபடி தனியா வரச் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள அடுத்த சனிக்கிழமை அவரே வந்தார்." வெதமாத்தயா அட்டையைக் கையில் எடுத்து, அவர் பெயரை விரலால் தொட்டார். "'அந்தப் பதிலெல்லாம் அவளோடது. தாள் அப்படியே இருக்கட்டும். அவ வயிறுதான் எரியுது, மருந்துக்கு வரமாட்டா. எனக்குன்னு சொன்னா ஆக்குவா, ஆக்கினா அவளும் சாப்பிடுவா'ன்னார். அவருக்கு இஞ்சித்தண்ணியும் காலுக்கு எண்ணெயும் வேறயா குடுத்தேன். பகலுக்குக் கென்டீன்ல சூடா எதாவது சாப்பிடுங்கன்னேன். சாப்பிட்டார். ஆனா வீட்டுப் பெட்டியையும் விடமாட்டேன்னுட்டார். அதை முடிச்சதுக்குமேல சூடான சாப்பாட்டுக்கு அந்த வயித்துல எங்க எடம்?"

நான் தொட்டியில் ஊற்றியது அவருடைய மருந்து. குளிர் தாங்காத மனிதர் எட்டு மாதம் எனக்காக வெள்ளரிக்காயைத் தின்றிருக்கிறார், மிச்சம் வைக்காமல். யாருக்காக என்று கேட்டேன், உண்மையைச் சொன்னார், அதற்குத்தான் மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவி நான். அங்கேயே, மருந்துக்கு வந்த ஆட்களுக்கு முன்னால், வாய்விட்டு அழுதேன்.

வெதமாத்தயா ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும் மெல்லக் கேட்டார், "இப்ப டீச்சருக்கு நெஞ்செரிச்சல் எப்படி?"

கைக்குட்டைக்காகக் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அடியில் மாத்திரை அட்டை தட்டுப்பட்டது. முழு அட்டை, ஒன்றுகூட உடைக்காமல். எப்போது வாங்கினேன், கடைசியாக எப்போது ஒன்று போட்டேன், எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.